ஃபேனிடம் சார்ஜ் கொடுத்தவர்

எங்கள் கண்ட்ரோல் ரூமில் இருந்த பெடஸ்டல் ஃபேனுக்கு நெய்வேலிச் சுரங்கத்தைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்திருக்கும். இரண்டு வருடத்துக்கு மேலாக, எனக்கு முந்தின ஷிஃப்டில் இருந்தவர் எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அதனிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

சுரங்கத்தில் வெட்டிய மண் ரப்பர் பெல்ட்டுகளில் ஏறி மேலே போகும். அந்த பெல்ட்டுகளை ஓட்டுவதும் நிறுத்துவதும் எங்கள் வேலை. ஷிஃப்ட் மாறும்போது, எது ஓடுகிறது, எது நிற்கிறது, எங்கே ஆள் இறங்கியிருக்கிறார்கள் என்று போகிறவர் வருகிறவரிடம் சொல்லிவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழ வேண்டும். இதற்குச் சார்ஜ் கொடுப்பது என்று பெயர். எங்கள் சுழற்சி அமைந்த விதத்தில், எந்த ஷிஃப்டாக இருந்தாலும் அவர் எழுந்த நாற்காலியில்தான் நான் உட்கார வேண்டியிருந்தது.

நான் உள்ளே நுழைந்ததும் அவர் ஃபேன் பக்கம் திரும்பிக்கொள்வார்.

"ஃபேனே, மூணாம் பெல்ட்டு நிக்கு. வால்ல ஆளு இருக்கு, அட்ட மாட்டியிருக்கேன். ரெண்டாம் பெல்ட்டுல ஒரு ரோலர் கத்துது, சொல்லியாச்சு. வேற ஒண்ணுமில்ல."

ஃபேன் இப்படியும் அப்படியும் தலையைத் திருப்பிக் கேட்டுக்கொள்ளும். அது என் பக்கம் திரும்பும்போது மட்டும் அவர் குரலை ஒரு படி உயர்த்துவார். பிறகு டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு, தலைக்கவசத்தைக் கழற்றாமலே பஸ்ஸுக்கு நடப்பார். அவர் சொன்னதில் ஒரு நாளும் ஒரு தப்பு இருந்ததில்லை.

ஊர் திருநெல்வேலிப் பக்கம். வேலை கிடைத்துச் சின்ன வயதிலேயே வந்தவர். டவுன்ஷிப்பில் எல்லா மாவட்டத்துக்காரர்களும் கலந்து கிடப்பதால் எல்லோருடைய பேச்சும் கொஞ்ச நாளில் ஒரே மாதிரி ஆகிவிடும். அவருடைய பேச்சு மட்டும் முக்கால்வாசிதான் ஆகியிருந்தது. கோபமோ பாசமோ வந்தால் மிச்சம் கால்வாசி வெளியே வரும். வாட்டசாட்டமான உடம்பு. மனசு கோணினால் கீழுதடு முன்னால் வந்துவிடும். அந்த உதடு உள்ளே போக சிலருக்குச் சில மாதங்களும் சிலருக்குச் சில வருடங்களும் பிடித்தன.

அவர் யாரையும் திட்ட மாட்டார். மேலதிகாரியிடம் கோள் சொல்ல மாட்டார். பேச்சை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான். ஆனால் வேலைக்கும் வீட்டுக்கும் பேச்சு தேவைப்படுகிறதே, அதற்கு ஆளுக்கு ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார். குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுக்காரரோடு முருங்கை மரக் கிளை விஷயமாகப் பேச்சு நின்றபோது, அந்த வீட்டு இரும்பு கேட்டிடம் பேசினார். "கேட்டே, ஒங்க வீட்டு மோட்டார் ராத்திரி பூரா ஓடிட்டுக் கெடக்கு." கேன்டீன்காரரிடம் பேச வேண்டியதை டீ கிளாஸிடம் சொல்வார். மனைவியோடு மனஸ்தாபம் வந்தால் குக்கரிடம். ஊரில் இருக்கும் அண்ணனோடு சண்டை வந்தபோது மட்டும் கஷ்டமாகிவிட்டது, ஏனென்றால் அது போனில் நடந்த சண்டை. அப்போதும் அவர் விடவில்லை. வாரம் தவறாமல் அண்ணனுக்குப் போன் போட்டு, "ஏ போனு, அம்மைக்கு மாத்திர வாங்கியாச்சான்னு கேக்கேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

அப்போது எல்லோரும் வாட்ஸ்அப்புக்கு வந்துகொண்டிருந்த சமயம். எங்கள் செக்‌ஷனுக்கும் ஒரு குரூப் இருந்தது. ஒரு பொங்கலன்று காலையில் அதில் அவருடைய வாழ்த்து வந்து விழுந்தது. கரும்பும் பானையும் போட்ட படம். கீழே, "ஒருவரைத் தவிர மற்ற அனைவருக்கும் இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்." அந்த ஒருவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சண்டை தொடங்கிய கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். நான் அந்தக் கண்ட்ரோல் ரூமுக்கு மாறி வந்த புதிதில் அவர் என்னோடு நன்றாகத்தான் பேசினார். மூன்றாம் பெல்ட்டின் வால், அதாவது அதன் பின்முனை, மட்டும் எங்கள் ஜன்னலிலிருந்து தெரியாது, ஒரு மண்மேட்டைச் சுற்றிக்கொண்டு போனால்தான் தெரியும். ஒரு நாள் அவர், "வால்ல ஆளு இல்ல தம்பி, எல்லாம் சரியா இருக்கு" என்று சார்ஜ் கொடுத்தார். புது இடம் என்பதால் நான் எதற்கும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது அவர் படியில் நின்றிருந்தார்.

"என்ன பாத்துட்டு வந்த?"

"சும்மாதாண்ணே. ஒருவாட்டி கண்ணால பாத்துடலாமேன்னு."

"நான் சொன்னது பத்தலையோ."

கீழுதடு முன்னால் வந்தது. மறுநாள் ஃபேன்.

எனக்கும் ரோஷம் உண்டு. நெல்லிக்குப்பத்துக்காரனுக்கு அது கொஞ்சம் கூடுதல் என்று என் மனைவி சொல்வாள். இவர் இப்படியென்றால் நான் தினமும் போய்ப் பார்ப்பேன் என்று முடிவு செய்தேன். அவர் ஃபேனிடம் சொல்லி முடித்ததும், அவர் கண் முன்னாலேயே டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்குவேன். ஒரு சின்னத் தப்பாவது கண்டுபிடிக்க வேண்டும் என்று நான் அலைந்தேன். நான் வருவேன் என்று தெரிந்து, அது கிடைக்கக் கூடாது என்று அவர் எனக்கு முன்பே இரண்டு தடவை போய்ப் பார்த்துவைத்தார். எங்கள் விரோதத்தில் அந்த பெல்ட் சீரும் சிறப்புமாக இருந்தது. அந்த வட்டாரத்திலேயே சுத்தமான வால் எங்களுடையதுதான்.

இடையில் என் பையனுக்கு டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். நான் சட்டையை மாற்றிக்கொண்டு ஷிஃப்டுக்கு வந்து நின்றேன். அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. "ஃபேனே, பிள்ளய அங்கன போட்டுட்டு இங்க என்ன வேலன்னு கேளு. நான் இருக்கேன். நாளைக்கும் நானே இருக்கேன்." நான் ஃபேனுக்கு நன்றி சொல்லிவிட்டு ஓடினேன். பையன் தேறி வந்த பிறகும் உதடு உள்ளே போகவில்லை. உதவி வேறு, பேச்சு வேறு என்பது அவர் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசையின்போது பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சமாதானம் சொல்லிக் கும்பிடுவோம். "சார்ஜ் குடுக்கறவரோட ரெண்டு வருஷமா மொகம் குடுத்துப் பேசல, இங்க வந்து யார் யாருக்கோ சமாதானம் சொல்றீங்க" என்பாள் மனைவி. அவளுக்கென்ன, அவளா அந்த ஃபேனிடம் சார்ஜ் எடுக்கிறாள்?

விஷயம் எங்கள் அதிகாரியின் காதுக்குப் போயிற்று. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பையன், தங்கமானவர். புத்தகம் நிறையப் படித்தவர் என்பதால் எதையும் தீர்த்துவிடலாம் என்று நம்பினார். "எதுவா இருந்தாலும் மனசு விட்டுப் பேசுனா தீந்துருமுங்கண்ணா" என்று சொல்லி, எங்கள் இரண்டு பேர் பெயரையும் ஒரு நாள் பயிற்சிக்கு எழுதிவிட்டார். சக ஊழியர்களோடு இணக்கமாக இருப்பது எப்படி என்பது பயிற்சி. நடத்த சென்னையிலிருந்து ஒருவர் வந்திருந்தார்.

குளிரூட்டிய அறையில் வட்டமாக உட்கார வைத்தார்கள். உங்கள் எதிரில் இருப்பவரிடம் உங்களுக்குப் பிடித்த மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள் என்றார் சென்னைக்காரர். என் எதிரில் இருந்தவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, தண்ணீர் பாட்டிலைப் பார்த்து, "நேரத்துக்கு வாரான்" என்றார். மற்ற இரண்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. மத்தியானம் இன்னொரு விளையாட்டு. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாய வேண்டும், பின்னால் நிற்கிற கூட்டாளி தாங்கிப் பிடிப்பார். நம்பிக்கை வளருமாம். அவர் எழுந்தார். சாயவில்லை.

"சார், பின்னால யாரு நிக்கான்னு பாக்காம விழுதவன் சுரங்கத்துல வேல பாக்கலாமா?"

சென்னைக்காரர் சிரித்து, "அதுதான் சார் நம்பிக்கை" என்றார். நானும் சாய மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவர் தோள் குலுங்கியது. பிறகு என் தோளும். சென்னைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கைகளை விரித்து நின்றதை அவர் உட்கார்ந்தபடியே செய்து காட்டினார், நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். இறங்கும்போது, "தம்பி, நாளைக்கு சீக்கிரம் வந்தேன்னா டீ சாப்பிடலாம்" என்றார். பயிற்சி வெற்றி பெற்றுவிட்டது. சொல்லிக்கொடுத்தவரைக் கேலி செய்து இணங்கினோம் என்பதை யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

அதன் பிறகு வந்த மாதங்கள் நன்றாக இருந்தன. உண்மையிலேயே நன்றாக இருந்தன. அவருக்கு அவ்வளவு கதை தெரியும் என்று நான் நினைத்ததே இல்லை. அவர் வீட்டு முறுக்கு என் வீட்டுக்கு வந்தது, எங்கள் கிறிஸ்துமஸ் பலகாரம் அவர் வீட்டுக்குப் போயிற்று. ஃபேனுக்குக் காற்று வீசும் வேலை மட்டும் மிஞ்சியது. அதிகாரிக்கு எங்களைப் பார்த்தாலே முகம் மலரும். நானும் மூன்றாம் பெல்ட்டின் வாலுக்குப் போய்ப் பார்ப்பதை விட்டுவிட்டேன். சிநேகிதர் வாயால் சொன்ன பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பினால் அவர் என்ன நினைப்பார்?

அந்த வாலில் வேலை செய்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்மாபுரத்துக்காரர், கான்ட்ராக்ட் தொழிலாளி. மழை பெய்தால் களிமண் பெல்ட்டின் உருளையில் அப்பிக்கொள்ளும், பெல்ட் நிற்கிற நேரம் பார்த்து உள்ளே நுழைந்து அதைச் சுரண்டி எடுப்பார். அவர் குடும்பத்து நிலம் இந்தச் சுரங்கத்துக்குள்தான் போயிருந்தது. "எங்க கொல்லை அதோ அங்கதாங்க இருந்திச்சி" என்று கையை உயர்த்திக் காட்டுவார். பள்ளம் அவ்வளவு ஆழமாகப் போய்விட்டதால் அவர் காட்டுகிற இடத்தில் காற்றுதான் இருக்கும். அவர் உள்ளே இறங்கும்போது கண்ட்ரோல் ரூமில் அந்த பெல்ட்டின் பொத்தானுக்கு மேலே ஒரு சிவப்பு அட்டை மாட்ட வேண்டும். அட்டை தொங்கினால் யாரும் பொத்தானைத் தொடக் கூடாது.

பலாப்பழக் காலம் வந்தது. முத்தாண்டிக்குப்பத்தில் இருக்கும் என் மாமனார் வீட்டிலிருந்து பெரிய பழம் ஒன்று வந்தது. சிநேகிதருக்கென்றே அதைக் கண்ட்ரோல் ரூமில் கொண்டுபோய் வைத்தேன். மறுநாள் மத்தியானம் ஷிஃப்டுக்குப் போனபோது படியிலேயே வாசனை வந்தது. அவர் தரையில் செய்தித்தாளை விரித்து, முழங்கை வரை தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, பழத்தைப் பிளந்து சுளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"வா தம்பி. இந்தப் பழம் எங்கூர்ல கெடைக்காது, ஒத்துக்கிடுதேன். அண்ணன் பேசிட்டான் தெரியுமா? அவனா போன் போட்டான்."

நான் நாற்காலியில் உட்கார்ந்து சுளையை வாயில் போட்டுக்கொண்டு அண்ணன் கதையைக் கேட்டேன். நல்ல கதை. பாதியில் மண் வெட்டும் இயந்திரத்திலிருந்து போன் வந்தது, மூன்றை ஓட்டச் சொன்னார்கள். பொத்தானைப் பார்த்தேன். அட்டை இல்லை. பெல்ட் ஓடப் போகிறது என்று எச்சரிக்கும் சங்கை ஊதினேன், பொத்தானை அழுத்தினேன்.

அவர் கையிலிருந்த சுளை கீழே விழுந்தது. "வால்ல ஆளு" என்றார்.

கம்மாபுரத்துக்காரர் இறங்குகிறேன் என்று வந்து சொன்னபோது இவர் கை முழுக்க எண்ணெய். அட்டையில் பிசுக்கு ஒட்டுமே, தம்பிதானே வரப் போகிறான், வாயால் சொல்லிவிட்டால் போயிற்று என்று இருந்துவிட்டார். அண்ணன் கதை முந்திக்கொண்டது.

நான் நிறுத்துவதற்குள் பெல்ட் தானாக நின்றது. பெல்ட்டோரமாக நெடுக ஒரு கயிறு ஓடும், அவசரத்துக்கு அதை இழுத்தால் நின்றுவிடும். யாரோ இழுத்திருந்தார்கள். யாரோ என்ன, அங்கே இருந்தது ஒரே ஒரு ஆள். இழுத்தது கையா, விழுந்த உடம்பா என்று தெரியாமல் இரண்டு பேரும் ஓடினோம். அந்த மேட்டைச் சுற்றி ஓடிய நேரத்தில் எனக்கு அவர் மேலும் என் மேலும் வந்த வெறுப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கம்மாபுரத்துக்காரர் கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தார். மார்பு வரை சேறு. ஒரு காலில் செருப்பில்லை. மண்வெட்டியின் காம்பு உருளைக்குள் போய்ப் பிளந்து கிடந்தது.

"சுரண்டிக்கினு இருந்தேங்க. சங்கு கேட்டிச்சி, வெளிய வந்து கயித்தப் புடிச்சி இழுத்துட்டேன்" என்றார். பிறகு உருளையைப் பார்த்தார். "மம்முட்டி போயிடுச்சிங்களே. மேஸ்திரி கேட்டா என்னான்னு சொல்றது?"

சிநேகிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எண்ணெய்க் கை முழுக்க மண் ஒட்டிக்கொண்டது.

அதிகாரிக்கு அவரே போன் போட்டார். "நான் அட்ட மாட்டல சார்." போனை வாங்கி, "நான் போய்ப் பாக்கல சார்" என்றேன் நான். "போன வாரந்தானுங்கண்ணா உங்க ரெண்டு பேரையும் உதாரணமாச் சொல்லி மேல எழுதி அனுப்புனேன்" என்றார் அதிகாரி, அழாத குறையாக.

இரண்டு பேருக்கும் மெமோ வந்தது. அது நியாயம். விசாரித்தவர்கள் கண்டுபிடித்த காரணம்தான் விசேஷம். ஊழியர் இருவருக்கும் இடையே போதிய பேச்சுத் தொடர்பு இல்லை என்று எழுதி, மறுபடியும் அதே பயிற்சிக்கு அனுப்பச் சொன்னார்கள்.

சம்பவத்துக்கு மறுநாளே அவர் தன் வீட்டுத் தோட்டத்து மண்வெட்டியைத் துணியில் சுற்றி பஸ்ஸில் எடுத்து வந்து கம்மாபுரத்துக்காரரிடம் கொடுத்தார். அன்று மத்தியானம் நான் சார்ஜ் எடுக்கப் போனபோது என்னை உட்காரச் சொன்னார்.

"தம்பி, நாளைலருந்து நான் ஒங்கிட்ட பேச மாட்டேன்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஏண்ணே, பேசிக்கிட்டே இருப்போம். நான் தெனமும் போய்ப் பாத்துக்கறேன்."

"நீ போய்ப் பாத்தா எனக்குக் கோவம் வரும். வராதுன்னு பொய் சொல்ல மாட்டேன். சிநேகிதன் சந்தேகப்பட்டா மனசு தாங்காது. பிடிக்காதவன் சந்தேகப்பட்டா, அவன் புத்தி அப்படின்னு விட்டுரலாம். நீயும் யோசிச்சுப் பாரு. எம் மொகத்துக்காவத்தான் நீ போறத நிப்பாட்டுன."

நான் மேஜை மேலிருந்த டார்ச்சை எடுத்துத் துடைத்தேன்.

"இன்னிக்கு ஒரு நாள் பேசிக்கிடுவோம்" என்றார். மிச்சமிருந்த சுளைகளைத் தின்றபடி அண்ணன் கதையின் மீதியைச் சொன்னார். மறுநாள் உள்ளே நுழைந்தேன். கீழுதடு முன்னால் வந்திருந்தது. "ஃபேனே" என்றார்.

இரண்டாவது பயிற்சிக்கும் அதே சென்னைக்காரர்தான் வந்தார். அதே விளையாட்டு. கண்ணை மூடிக்கொண்டு சாயச் சொன்னபோது அவர் பக்கத்திலிருந்த நாற்காலியிடம், "நாங்க ஒருதடவ விழுந்து பாத்துட்டோம்னு சார்கிட்ட சொல்லு" என்றார்.

இதெல்லாம் அவர் யோசித்து வகுத்த கொள்கையா, பேசாமல் இருக்கக் கிடைத்த நல்ல சாக்கா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் மனைவியைக் கேட்டால் சாக்கு என்றுதான் சொல்வார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும் தினமும் டார்ச்சை எடுத்தேன். கம்மாபுரத்துக்காரர் என்னைப் பார்த்ததும் மண்வெட்டியை உயர்த்திக் காட்டுவார். உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம்.

அவர் ஓய்வு பெற்ற நாளிலும் முதல் ஷிஃப்டில்தான் இருந்தார். மத்தியானம் செக்‌ஷன் ஆட்கள் மாலையோடு கண்ட்ரோல் ரூமுக்கே வந்துவிட்டார்கள். அவரைப் பேசச் சொன்னார்கள். "ஒருத்தரைத் தவிர எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லி முடித்துக்கொண்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அதிகாரி என்னைப் பாவமாகப் பார்த்தார்.

கூட்டம் ஜீப்புக்கு இறங்கியதும் அவர் மாலையும் கழுத்துமாக ஃபேன் முன்னால் வந்து நின்றார்.

"மூணாம் பெல்ட்டு நிக்கு. வால்ல ஆளு இல்ல. வேற ஒண்ணுமில்ல."

நான் கை நீட்டலாமா என்று யோசித்தேன். அவர் என் கையைப் பார்க்கவில்லை, மேஜை மேலிருந்த டார்ச்சைப் பார்த்தார். எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

அவர் சொன்னது சரிதான். வாலில் ஆள் இல்லை. அவர் வீட்டு மண்வெட்டி மட்டும் கழுவி, கம்பியில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நான் குனிந்து உருளைக்கு அடியிலும் பார்த்துவிட்டு மேட்டைச் சுற்றி வந்தேன். ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. போயிருப்பார் என்று நினைத்தேன். படிக்குக் கீழே, விளக்குக் கம்பத்தின் பக்கத்தில் நின்றிருந்தார்.

என்னைக் கண்டதும் கம்பத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வரட்டுமான்னு கேக்கேன்."

நானும் கம்பத்தையே பார்த்தேன்.

"போயிட்டு வரச் சொல்லு. நான் போய்ப் பாத்துட்டேன், ஆளு யாரும் இல்ல."

அவர் தலையாட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார். நான் படியேறிப் போய்ச் சங்கை ஊதினேன்.